பச்சைக் கட்டம்

உட்லண்ட்ஸ் சமூக மன்றம், இரண்டாம் மாடி.
கேரம் இறுதியாட்டம். மூன்று கேமரா.
நேரலையில் நாற்பத்து மூன்று பேர்.

குகனேசனுடைய மென்பொருள்
அறுபது நாள் சும்மா, அப்புறம் எழுநூறு வெள்ளி.
மோரில் உப்பு கரைகிற மாதிரி
காட்சிக்குள் காட்சி கரையும்.
கேட்டால் பத்து நொடி பின்னால் போய்
மறுபடி காட்டும்.

என்னுடையது என்றைக்கும் இலவசம்.
வெடுக்கென்று வெட்டும்.
நடந்ததைக் கேட்டால் கையை விரிக்கும்.

"ஆளுக்குப் பாதி ஆட்டம் ஓட்டிப் பார்ப்போம் லா."

அவன் பாதியில் ஒரு குறையும் இல்லை,
கணினி விசிறியின் இரைச்சல் தவிர.

என் பாதியில்
சிவப்புக் கட்டம் உலகத்துக்கு,
பச்சைக் கட்டம் எனக்கு.
சிவப்பில் நடுவர் காது குடைந்துகொண்டிருந்தார்.
பச்சையில்
ஜைத்தூன் சுண்டிய ராணி
குழியின் விளிம்பில் ஒரு கணம் நின்று
யோசித்து
விழுந்தாள்.

நான் வெட்டியபோது பலகையில் மாவு மட்டும்.

"யார் காது அது?" என்று
நேரலையில் யாரோ கேட்டிருந்தார்கள்.
குகனேசன் ஒன்றும் சொல்லாமல்
தன் கோப்பியை என் பக்கம் நகர்த்தினான்.

ரயிலில் கேட்டான்: "எதை வாங்கலாம்?"
"உன்னுடையதைத்தான்."

மேலிருந்து, அவ்வளவு அருகில்,
அவள் யோசித்த அந்த ஒரு கணம்
எந்தப் பதிவிலும் இல்லை.
அதை அவனிடம் சொல்லவில்லை.