கழிக்க ஒன்று

பொனிஃபாசியோ கண்ணாடி மேசைமேல்
பழைய துண்டொன்றை விரித்து
இரண்டையும் கிடத்தினான்,
கூடையில் மீன் அடுக்குவதுபோல்
தலையும் வாலும் மாற்றி.
வெளியே கோடியாக் துறைமுகத்தில்
மழை படுக்கைவாட்டில் பெய்துகொண்டிருந்தது.

இரண்டும் பம்ப் துப்பாக்கி.
இரண்டும் பன்னிரண்டு கேஜ்.
மிதவை விமானத்தில் என் முழங்காலுக்கும்
விமானியின் இருக்கைக்கும் நடுவே
இரண்டும் அடங்கும்.
பொருத்தம் அத்தோடு சரி.

முதலாவது குட்டை.
பதினாலு அங்குலக் குழல்.
தோளில் முட்டுக்கொடுக்கக் கட்டை கிடையாது,
பறவைக் கழுத்துபோல் வளைந்த பிடி மட்டும்.
தூக்கியதும் பிடித்துவிட்டது எனக்கு,
சந்தையில் முதல் கடையிலேயே
மனம் விழுந்துவிடுவதுபோல்.
"படகுக்காரர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்" என்றான்.
"சுட்டால்?" என்றாள் லூக்கீரியா.
"சுட்டால் மணிக்கட்டு மூன்று நாள்
உன்னோடு பேசாது."

அடுத்தது பதினெட்டு அங்குலம்.
குட்டையான தோள்கட்டை, முனையில் ரப்பர்.
உப்புக் காற்றுக்கு அஞ்சாத நிக்கல் பூச்சு,
குளியலறைக் குழாய்போல் மினுங்குகிறது.
குறி பார்க்க வளையம்.
முக்கால் கிலோ கூடுதல்,
இருநூற்றுப் பத்து டாலர் கூடுதல்,
அதில் மீன்துறை தருவது சுழி.

பம்பை இழுத்துத் தள்ளிப் பார்த்தேன்.
ஒன்று தளர்ந்த கதவுபோல் கடகடத்தது.
மற்றது இறுக்கம், புதுச் செருப்பின் இறுக்கம்.
சினிமாவில் இந்தச் சத்தத்துக்கே
கையைத் தூக்கிவிடுவார்கள்.
எங்கள் ஆற்றுக் கரடிகள் சினிமா பார்ப்பதில்லை.

குட்டைக்குப் பாதுகாப்புப் பொத்தான் விசையின் அருகே,
வலது கைக்காரர்களுக்காகவே பிறந்த பொத்தான்.
நானோ இடது கை.
பள்ளியில் அடித்தும் மாறாத இடது கை.
நிக்கல்காரிக்கு அது மேலே,
முதுகெலும்பின் உச்சியில்,
கட்டைவிரல் தானாகப் போய்
உட்காரும் இடத்தில்.
முன்னே தள்ளினேன். பின்னே இழுத்தேன்.
முன்னே. பின்னே.

"முடிவு பண்ணிட்டா" என்றாள் லூக்கீரியா
பொனிஃபாசியோவிடம்,
நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

•

ஜூன் கடைசி. இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம்.
ஆற்றின் குறுக்கே எங்கள் வேலி,
வேலியில் ஒரு வாசல்,
வாசலுக்கடியில் வெள்ளைப் பலகை.
பலகைமேல் நிழல் ஓடும் ஒவ்வொரு முறையும்
இடது கட்டைவிரல் எண்ணுமானியை அமுக்கும்.
டிக். ஒரு சால்மன்.
டிக் டிக். இரண்டு.
நாள் முழுக்க விரலுக்கு இதே ஜபம்.
துப்பாக்கி வேலிக் கம்பத்தில் தொங்கியது,
எட்டினால் கைக்கு வரும் தூரத்தில்.
எட்டினால்.

நாணல் பிரிந்தது.
முதலில் மூக்கு, ஈரமாய்.
பிறகு தோள்,
பிறகு இன்னும் தோள்.
பதினைந்து தப்படி இருக்கும்.
குழலின் நீளம், வளையம், ரப்பர், நிக்கல்,
இருநூற்றுப் பத்து டாலர்
எல்லாம் கம்பத்தில் அசையாமல் தொங்க,
என் கட்டைவிரல் முன்னே தள்ளியது
கையில் இருந்ததை.

டிக்.

கரடி என்னைப் பார்த்தது.
தொந்தரவு செய்யப்பட்ட குமாஸ்தாவின் பார்வை.
வேலிக்கு மேற்புறம், நான் எண்ணி அனுப்பியதில்
ஒன்றைக் கவ்விக்கொண்டு
நாணலுக்குள் திரும்பியது.

ராத்திரி கூடாரத்தில் பதிவேடு.
நாலாயிரத்து நூற்றுப் பதின்மூன்று என்று எழுதி
'கழிக்க இரண்டு' என்று சேர்த்தேன்.
லூக்கீரியா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.
"ஏன் இரண்டு?"
சொன்னேன்.
சிரிக்கவில்லை. துப்பாக்கியை எண்ணெய்த் துணியால்
துடைத்துக்கொண்டே யோசித்தாள்,
சுடாத குழலையும் ஈரம் விடாது.

"கரடி தின்ற மீன் வாசலைத் தாண்டியதா?"
"தாண்டியது."
"அப்ப அது கணக்கில் உண்டு.
அதுக்கப்புறம் அதன் பாடு.
கரடி தாண்டியதா?"
"இல்லை. வந்த வழியே போனது."
"அப்ப அதை மட்டும் கழி."