பதினொன்றாம் துண்டு

விடிய நாலரைக்குத் தொலைபேசி.
"பிள்ள, உங்கட பதினொண்டுக்குள்ள யானை இறங்கிட்டு."
தங்கநேசம் அக்காவுக்குத் துண்டுகளின் இலக்கம் மனப்பாடம்.
கயிறு பிடித்து எல்லை போட்ட நாளில்
மறுமுனையில் நின்றவர் அவர்.

கிரான் பாலத்துக்கு மேலே தண்ணீர்.
உழவு இயந்திரப் பெட்டியில்
மாமூட்டைகளுக்கும் யாரோவின் சைக்கிளுக்கும் நடுவே
தராசை நெஞ்சோடு அணைத்து நின்று போனேன்.
அறுவடைக்கு ஒன்பது நாள் இருந்தது.

மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர்.
உமிக்கரி, ஹெக்டேயருக்கு ஐந்து தொன்.
எழுந்தமானமாய்ச் சீட்டுக் குலுக்கி விழுந்த இடம்.
யானையும் எழுந்தமானமாய்த்தான் வந்திருக்கும்.
பலகையை மட்டும் மிதிக்கவில்லை.
ப3, தொ3 என்று என் கையெழுத்து
சேற்றுக்கு மேலே நேராக நின்றது.

காலடித் தடத்தில் நீர் ஊறி, அதற்குள் ஒரு தவளை.
குறுக்களவு நாற்பத்தொரு சென்ரிமீற்றர்.
ஏன் அளந்தேன், தெரியாது.
இரண்டு வருடமாய்
கையில் நாடா இருந்தால் அளந்துவிடுகிறேன்.

அக்காவுக்குப் போனது அரை ஏக்கர்.
எனக்குப் போனது பதினாறில் ஒன்று.
அழுதது நான்.
அவர் வக்கடையைக் கட்டப் போய்விட்டார்.

மாசியில், வந்தாறுமூலையில்,
மேற்பார்வையாளர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"ஒரு துண்டுதானே? காணாமற்போன பெறுமானம்.
மதிப்பிட்டு நிரப்பலாம்."

சூத்திரம் இருக்கிறது.
அதே பரிகரிப்பில் மிஞ்சியவற்றைக் கூட்டு, நாலால் பெருக்கு.
அதே தொகுதியில் மிஞ்சியவற்றைக் கூட்டு, நாலால் பெருக்கு.
இரண்டையும் சேர்த்து
வயல் முழுவதன் மொத்தத்தைக் கழி.
ஒன்பதால் பிரி.

மூன்று தசம் ஒன்பது நாலு கிலோ.
அறுக்காத நெல்லின் நிறை,
இரண்டு தசமதானம் வரை.

நட்டஈட்டுப் படிவத்தோடு
பிரதேச செயலக வாங்கில் இருந்தபோது
அக்காவுக்கு இதைச் சொன்னேன்.
"இல்லாததுக்கும் கணக்கு இரிக்கா?"
"இரிக்கு அக்கா."
"என்னெண்டு கண்டுபிடிக்கிற?"
"பக்கத்தில நிண்டதுகள வச்சி."

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது.
"நான் முன்னமும் ஒரு படிவம் நிரப்பின," என்றார்.
"கடைசியாக் கண்ட இடம். கடைசியா உடுத்த சேட்டு.
பக்கத்தில நிண்டவங்கள ஒருத்தரும் கேக்கல்ல."
அதற்குள் எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

அரை ஏக்கருக்குக் கணக்குப் போட்டேன்.
உமிக்கரி போடாத துண்டின் விளைச்சலையே எடுத்தேன்,
கூட்டிச் சொல்லக்கூடாது.
எழுநூற்று அறுபத்துநாலு கிலோ.
உத்தியோகத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நெல்லே இல்லையே மிஸ், எதை நிறுத்தீங்க?"
பதில் தெரிந்திருந்தும்
என் வாயிலிருந்து வந்தது
திணைக்களத்தின் பெயர் மட்டும்.
அதைக் கேட்டு ஒரு கிளிப்பைக் குத்தி
கோப்பில் வைத்தார். இன்றுவரை கோப்பில்.

ஆய்வேட்டில், அட்டவணை நாலு தசம் இரண்டில்,
அந்த எண்ணின் தலையில் ஒரு நட்சத்திரம்.
கீழே, சிறிய எழுத்தில்: மதிப்பிடப்பட்டது.
நிரப்பிய ஒவ்வொரு வெற்றிடத்துக்கும்
சுயாதீனப் படி ஒன்று குறையும் என்பது விதி.
வழுவுக்கு ஒன்பது இருந்தது. எட்டு என்று எழுதினேன்.
வாய்மொழிப் பரீட்சையில் அதைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.
கேட்பார்கள் என்று
இரவெல்லாம் விழித்திருந்து படித்திருந்தேன்.

அடுத்த போகத்துக்கு முன் பலகைகளைப் பிடுங்கப் போனேன்.
பதினைந்து வந்தன.
பதினொன்றில் கை வைத்தபோது அக்கா வரம்பிலிருந்து,
"அது நிக்கட்டும் பிள்ள,
வக்கடைக்கு அடையாளம்" என்றார்.

வக்கடை அங்கே இல்லை.
எழுபது அடி கிழக்கே இருந்தது.
இதை மட்டும் நான் அளக்கவில்லை.