மணல் நிற்கும் இடம்

சாட்ஸ்வர்த், மூன்றாம் யூனிட்.
சாக்ரெனின் பட்டறையில் சனிக்கிழமை
மினிபஸ் டாக்ஸிகளுக்கு நெஞ்சு வைத்துத் தரும் நாள்.
ஆளுயரப் பெட்டிகள், வயர்ச்சுருள்கள்,
எலும்புக்குள் புகுந்து பல்லை ஆட்டும் பாஸ்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று:
திங்கட்கிழமை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்
சத்தத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.
பிஸ்கட் சுடும் தட்டின் விளிம்பை வெட்டி எறிந்தோம்.
பழைய ஸ்பீக்கரின் நடுவில் ஒரு போல்ட்,
போல்ட்டின் தலையில் தட்டு.
மேலே டர்பன் கடற்கரை மணல்,
தேநீர் வடிகட்டியில் சலித்தது;
இன்னும் உப்பு வாசம் போகவில்லை.

எழுபது ஹெர்ட்ஸில் சும்மா ஒரு சிலிர்ப்பு.
நூற்று அறுபதில் மணல் எழுந்து
யாரோ அதட்டியது போல் ஓடி
பெருக்கல் குறியாய் விழுந்தது.
நானூற்றுப் பதினொன்றில்
வட்டங்கள், வட்டங்களுக்குள் கண்கள்,
காதைக் குடையும் ஊளை.
நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

வண்டிக்காகக் காத்திருந்த சிபோனெலோ குனிந்து பார்த்தார்.
"எங்கம்மா கோத்த மணிப்பட்டை மாதிரியே இருக்கு."
கைப்பேசியை நீட்டினார்: "இப்ப என் பாட்டைப் போடு."
அவர் பாட்டில் மணல் எந்த உருவிலும் நிற்கவில்லை;
கொதித்தது, அவ்வளவுதான்.
அவருக்கு அதுவே பிடித்திருந்தது.

நான் பாடத்தைச் சொல்லிப் பார்த்தேன், வெறும் ஒத்திகை:
தட்டு துடிக்கும் இடமெல்லாம் மணலை உதறித் தள்ளும்.
துடிக்காத இடம் எதுவோ
அங்கே போய் ஒதுங்கும்.
நீங்கள் பார்க்கும் கோடு
சத்தம் தொடாமல் விட்ட இடம்.

சாக்ரென் வயரின் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டே,
என்னைப் பார்க்காமல், சொன்னான்:
"ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவுல."

கொஞ்ச நேரம் கழித்து நான்:
"குளியலறைக் கதவுக்குப் பின்னால.
அம்மாவுக்குத் துணிக்கொடியோட அந்தக் கோடி."
"ரூபினிக்கு மேசைக்கடி."
"இல்ல, அவ அலமாரி."

அப்பாவின் குரல் எத்தனை ஹெர்ட்ஸ் என்று
யாரும் அளந்ததில்லை.
கூரையைக் கழற்றி மேலிருந்து பார்த்திருந்தால்
ஒருவேளை அழகாகத்தான் இருந்திருக்கும்:
நாலு பேர், நாலு மூலை.

விசையைத் தணித்தேன்.
சத்தம் நின்ற பிறகும்
மணல் போட்ட கோலத்திலேயே கிடந்தது.
இதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று யோசிக்கையில்
வெளியே அடுத்த டாக்ஸி ஹார்ன் அடித்தது.
எழுந்து போகிற போக்கில் சாக்ரென்
தட்டின் விளிம்பை
ஒரு விரலால் சுண்டிவிட்டுப் போனான்.