கோச்சி கடக்கும் வரை

பதினொரு மாதம் நான் பதில் அதிபர்.
பதில் சரி,
கேள்வி என்னவென்று
கடைசி வரை ஒருவரும் சொல்லவில்லை.

நேற்றிரவு திறப்புகளை எண்ணினேன், இருபத்தேழு.
ஒவ்வொன்றிலும் துண்டு ஒட்டினேன்:
இரசாயனக் கூடம், வாத்திய அறை, கன்ரீன்,
தண்ணீர்த் தாங்கியின் ஏணிக்கூண்டு.
ஒன்றுக்கு மட்டும் பூட்டு தெரியவில்லை.
அதில் எழுதினேன்: நானும் தேடினேன்.

வாழ்த்துப்பாவும் என்னையே எழுதச் சொன்னார்கள்.
'வருக வருக'வைத் தாண்டிப் பேனா நகரவில்லை.
இசுருபாய நேர்முகத்தில்
அதே நாற்காலியில்
அவருக்கு முன்னால் இருந்து எழும்பியவன் நான்.

விடியமுன்னமே சுமனதாச
முன்கேட்டில் வாழை இரண்டு கட்டிவிட்டார்.
ஒன்றில் குலை. மற்றதில் இலை மட்டும்.
குலையுள்ளதை எந்தப் பக்கம் வைப்பது
என்று சிங்களத்தில் கேட்டார்.
வருகிறவர் எந்தப் பக்கத்தால் வருவாரோ
என்று தமிழில் சொன்னேன்.

பின்பக்கத்தால் வந்தார்.
காலி வீதி நெரிசலில் ஆட்டோவை விட்டிறங்கி,
கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு,
மீன்காரரிடம் வழி கேட்டு,
ஒழுங்கைக்குள்ளால்.
முன்கேட்டில் காத்திருந்த பேண்ட்
மைதானத்தைக் குறுக்கறுத்து ஓடியது.
பெரிய மத்தளக்காரப் பையன் விழுந்தான்.
புது அதிபரின் முதல் உத்தியோகபூர்வ நடவடிக்கை:
அவனைத் தூக்கிவிட்டது.

திருமதி சந்திரமலர் கந்தப்போடி,
களுவாஞ்சிக்குடி.
ஒலிவாங்கிக்கு முன் துண்டுக் காகிதம்கூட இல்லை.

இதைச் சொல்ல வேண்டும்:
எங்கள் பள்ளிக்கும் கடலுக்கும் நடுவே
தண்டவாளம் மட்டும்தான்.
கோச்சி வந்தால் வாயை மூடுவோம்.
சமன்பாட்டின் இடப்பக்கம் சொல்லிவிட்டு
வலப்பக்கத்துக்குக் காத்திருப்போம்.
தேவாரம் நிற்கும், தண்டனை நிற்கும்,
தொழப் போகக் கேட்ட அனுமதி
பாதி வாக்கியத்தில் நிற்கும்.
இருபத்திரண்டு வருடத்தில்
என் மனைவியோடும் அப்படித்தான் பேசுகிறேன்,
எந்தத் தண்டவாளமும் இல்லாத வீட்டில்.

அவருக்குத் தெரியாது.
பாணந்துறைக் கோச்சி வந்தது.
அவர் பேசிக்கொண்டே இருந்தார்.
உதடு அசைந்தது, கை ஒருமுறை
என் பக்கம் நீண்டது போலவும் இருந்தது.
அறுநூறு பேர் பார்த்தோம்.
ஒருவரும் கேட்கவில்லை.
இரண்டு வாக்கியம், கூடினால் மூன்று,
கடலுக்குப் போயிற்று.

அடுத்தது மருதானையிலிருந்து, பத்து நாற்பது.
முதலில் யன்னல் நடுங்கும், பிறகுதான் சத்தம்.
அவர் யன்னலைப் பார்த்தார்.
"நாங்கள்" என்றார்.
நிறுத்தினார்.
எட்டுப் பெட்டியும் போயிற்று,
மிதிபலகையில் தொங்கிய கைகளும் போயின,
கடைசிச் சில்லின் ஒலியும் அடங்கிற்று.
"எல்லாரும்" என்றார்,
ஒன்றுமே நடவாதது போல.

மண்டபம் எழும்பிக் கைதட்டியது.
வலயக் கல்விப் பணிப்பாளர்
விழித்து, தானும் தட்டினார்.
நியமனக் கடிதம் போன மாதத் திகதியில்தான்.
ஆனால் அவர் அதிபரானது
பத்து நாற்பத்தொன்றுக்கு.
நானும் தட்டினேன். கை நொந்தது.

பட்டிஸ் மேசையடியில் ஹம்னா வந்தாள், ஆறாம் ஆண்டு.
"சேர், கோச்சியில போன பேச்சில
உங்கட பேர் இருந்திச்சு."
கேட்டியா?
"இல்ல சேர், வாயைப் பார்த்தன்.
தம்பிக்குக் காது கேளாது, எனக்குப் பழக்கம்."

என் பெயர் முகுந்தராசா.
முகாமைத்துவம் என்பதற்கும்
வாய் அப்படித்தான் குவியும்.
நான் போய்க் கேட்கவில்லை.
கேட்க மாட்டேன்.

அதிபர் அறையில் கொத்தை மேசையில் வைத்தேன்.
துண்டுகளை ஒவ்வொன்றாய் வாசித்தார்.
இருபத்தேழாவதில் சிரிப்பு வந்தது.
அதை மட்டும் கழற்றிக்
கைப்பையின் உள்மடிப்பில் போட்டார்.

நாளை எனக்கு எட்டு 'பி', பின்னமும் தசமமும்,
கடல் பக்க அறை.
எழும்பினேன்.
யன்னல் இலேசாய் நடுங்கத் தொடங்கியது.
இருவரும் பேசாமல் நின்றோம்,
அது கடந்து போகும் வரை.

பிறகு சொன்னேன்,
வருக.
ஒரே தடவை.