இடது புருவம்

சான்றிதழை லேமினேட் பண்ணக் கூடாதாம்,
பிற்பாடு முத்திரை குத்த முடியாதாம்.
பண்ணிய பிறகு சொன்னார்கள்.
ஆறு மாதப் படிப்பு, இருபத்தெட்டாயிரம்.
அம்மாவின் தோடு கீழவாசல் அடகுக் கடையில்
காதில்லாமல் கிடக்கிறது.

காளவாசலில் கேட்டார்கள்: அனுபவம் இருக்கா?
அண்ணா நகரில்: எத்தனை வருஷம்?
பைபாஸ் ரோட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து
ஒருத்தி விரலால் கேட்டாள், ஒன்றா இரண்டா என்று.
நான் கையை விரித்தேன்.
ஐந்து வருஷம் என்று நினைத்து உள்ளே விட்டாள்.
முதலாளியம்மா வந்ததும் வெளியே விட்டாள்.

பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்.
இதில் நான் பைத்தியமா, பெண்ணா
என்று யோசித்தபடி நடந்ததில்
செருப்பு வார் அறுந்தது.

பழகாமல் ஒன்றுமில்லை.
நூல் பழகியது என் கெண்டைக்காலில்.
ஃபேஷியல் பழகியது தங்கை முகத்தில்.
அவள் கணக்குப் பரீட்சையைப்
பளபளவென்று எழுதித் தோற்றாள்.

கடைசியில் கே.கே. நகரில் சேர்த்துக்கொண்டார்கள்.
மூணு மாசம் சம்பளம் கிடையாது, பழகிக்கோ.
பேரென்ன?
பேச்சியம்மாள்.
கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்:
ப்ரீத்தின்னு வச்சுக்குவோம்.

ப்ரீத்தி துண்டு துவைத்தாள்.
ப்ரீத்தி தரையில் விழுந்த கூந்தலைக் கூட்டினாள்,
கறுப்பு, செம்பட்டை, மருதாணிச் சிவப்பு.
ஆடி மாதம். நாற்காலிகள் காலி.
வேக்ஸ் சூடாகி, ஆறி, மறுபடி சூடானது.
மிசோரத்திலிருந்து வந்த லால்ரின்பூயிக்கு
அங்கே பிங்கி என்று பெயர்.
இரண்டு பேரும் சாப்பிடும்போது மட்டும்
சொந்தப் பெயரில் கூப்பிட்டுக்கொள்வோம்.

ஒரு வெள்ளிக்கிழமை
பாதி வேலையில் அவளுக்கு ஊரிலிருந்து போன்.
மாடிப்படிக்கு ஓடினாள், வரவில்லை.
நாற்காலியில் இருந்தவர் பேங்க்கில் வேலை,
மணி பார்த்தார், என்னைப் பார்த்தார்.
நீயே முடிச்சு விடும்மா.

இடது புருவம்.
பல்லில் நூல், விரலில் நூல்,
தோலை இழுத்துப் பிடிங்க மேடம் என்று
நூலைக் கடித்தபடியே சொன்னேன்.
அவர் கண்ணோரத்தில் ஒரு சொட்டு.
எனக்கு அக்குளெல்லாம் ஈரம்.
கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு புருவத்துக்கும் பணம் கட்டிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் முடிந்தது.
இன்னும் மூணு மாசம் பாப்போம் என்றார்கள்.
பஸ்ஸில் வரும்போது முகங்களே தெரியவில்லை,
புருவம் புருவமாக மதுரை ஏறி இறங்கியது.

வில்லாபுரத்தில் ஒரு மாடி.
ஒற்றை நாற்காலி, கீழே ஸ்டவ் ரிப்பேர் கடை,
மண்ணெண்ணெய் வாசனைக்கு மேலே ரோஸ் வாட்டர்.
அனுபவம் இருக்கா?
இருக்கு. ஒரு இடது புருவம்.

அந்த அம்மா சிரிக்கவில்லை.
நூல்கண்டை என் மடியில் போட்டுவிட்டு
நாற்காலியில் தானே உட்கார்ந்து
தலையைச் சாய்த்தார்,
வலது பக்கம் காட்டி.

உன் பேரென்ன சொன்ன?

வாயில் நூல்.