கீழ்வீட்டுக்காரன் கணக்கு

காலை எட்டரைக்கு, ஊலான் ஊதே
பனிக்குள் நீலமாய் விடியும்போது
நான் படுக்கப் போகிறேன்.
இரவெல்லாம் ரயில் பட்டறையில்
சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி
விரிசல் உண்டா என்று காதால் பார்ப்பது என் வேலை.
நல்ல இரும்பு மணிபோல் பேசும்.
கெட்டது, தொண்டை கட்டினவன்போல்.

எட்டு ஐம்பதுக்கு மேலே தொடங்கும்.
ஒரு தொம். ஒரு சர்ர்ர்.
நெற்றி தரையில் படுகிற சின்ன டொக்.
பிறகு முழங்கால்கள் முனகிக்கொண்டு எழும்.
நூற்றெட்டு.

ஐந்தாம் மாடி செசெக்மா,
வரி அலுவலகத்தில் பிற்பகல் கணக்காளர்,
பலகை ஒன்றைப் போட்டு
கைகளுக்குப் பழைய காலுறை மாட்டி
புத்தனுக்கு நெடுஞ்சாண்கிடையாய் விழுகிறாள்.
லட்சம் முறை விழவேண்டுமாம்.
விழுந்து விழுந்து கவனிப்பார்கள், தெரியும்.
விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.
விழுந்து விழுந்து திருந்துவார்கள் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதல் குளிர்காலத்தில்
ஸ்பானரால் வெந்நீர்க் குழாயைத் தட்டினேன்.
அவளும் பதிலுக்கு ஒரு தட்டு தட்டினாள்,
ஏதோ வணக்கம் என்று நினைத்தாள்போல.

இந்தக் கட்டடத்தில் சுவர்கள் செய்தித்தாள் கனம்.
நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவே
"ஆர்தான்! ஈர பூட்ஸோடு கம்பளத்தில் ஏறாதே!"
எழுபதில் பால் பொங்கி வழியும்.
எழுபத்தொன்றில் பாலையும் பையனையும்
இர்குத்ஸ்க் போய்த் திரும்பாத புருஷனையும்
ஒரே மூச்சில் திட்டுவாள்.
எழுபத்திரண்டில் மறுபடி நெற்றி தரையில்.
தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன்.
இதற்கா இத்தனை முழங்கால்?

போன வாரம் லிஃப்ட்
இரண்டாம் மாடிக்கும் மூன்றுக்கும் இடையில் நின்றது.
உள்ளே நான், அவள், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு.
"சத்தம் தொந்தரவா?" என்றாள்,
இரண்டு வருடம் கழித்து.
பழகிவிட்டது என்றேன்.
"எழுபத்தோராயிரம் ஆகிவிட்டது.
எண்ணிக்கைதான் ஏறுகிறது.
நான் அதே செசெக்மா, அதே வாய்.
எப்போதம்மா நல்லவளாவாய் என்று பையனே கேட்கிறான்.
விட்டுவிடலாமென்று பார்க்கிறேன்."

எனக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியாது.
முன்பெல்லாம் கோப்பை உடைந்தால்
உடைகிற சத்தமும் கத்துகிற சத்தமும் ஒட்டியே வரும்,
எது முதல் என்று என் காதுக்கே பிடிபடாது.
இப்போது கோப்பை உடைகிறது.
ஒரு தொம், ஒரு சர்ர்ர், ஒரு டொக்.
அதற்கப்புறம்தான் கத்துகிறாள்.
கத்தல் அதே கத்தல், சுருதி இறங்கவில்லை.
ஆனால் நடுவில்
ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு இடம்.
சில நாள் அந்த இடத்துக்குள்
ஆர்தான் துடைப்பத்தோடு வந்துவிடுகிறான்.

சொல்லியிருக்கலாம்.
உன் வீட்டை இவ்வளவு கேட்டிருக்கிறேன் என்று
ஒரு பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?
"பலகையின் இடது மூலையில் ஆணி தளர்ந்திருக்கிறது"
என்றேன்.
ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஞாயிறன்று போய் அடித்துக் கொடுத்தேன்.
உப்புப் போட்ட பால் தேநீர்.
பலகை நடுவே இரண்டு பள்ளம்,
கிண்ணம் வைக்கலாம்.
பழக்கதோஷத்தில் சுத்தியலால் ஒன்று தட்டிப் பார்த்தேன்.
மரம்தானே,
மணிபோல் எப்படிப் பேசும்.

இன்று காலை எனக்குக் கீழ்வீட்டுக்காரன்
சுவரில் துளை போட ஆரம்பித்தான்.
ஸ்பானரை எடுத்துவிட்டேன்.
மேலே ஐம்பத்துநான்கு விழுந்தது.
அது எழுந்திருக்கட்டும் என்று
ஓங்கின கையோடு நின்றேன்.

பிறகு தட்டினேன்.
நன்றாகவே தட்டினேன்.