பதினோராம் நம்பர்

சனிக்கிழமை. சம்பளம் போட்டாச்சு.
அவிநாசி ரோட்டில் கொத்துபரோட்டா தட்டும் சத்தம்
மூன்றாம் மாடிவரை ஏறி வருகிறது.
டிசைன் செக்‌ஷனில் நானும்
முப்பத்தெட்டு கம்ப்யூட்டர்களும்.

'ஓடிக்கிட்டிருக்கறத ஏனுங்க நிறுத்தோணும்?'
என்று சாயங்காலமே கேட்டார் சென்னியப்பன்.
திங்கட்கிழமை தூத்துக்குடிக்குக் கண்டெய்னர்.
கடைசி அறுநூறு குழந்தைச் சட்டைகளில்
இன்னும் கிளி இறங்கவில்லை.

கிராபிக்ஸ் டிரைவரில் ஓட்டை என்றேன்.
'டிரைவரா? மாத்திப்புடலாமுங்க,
பல்லடத்துல நல்ல ஆளு ஒருத்தன் இருக்கறான்.'
சிரிக்காமல்தான் சொன்னார்.

அதனால் லைன் வீட்டுக் கதையாகச் சொன்னேன்:
காலி பண்ணிப் போனவன் சாவியைத் தரவில்லை.
புதுக் குடித்தனம் வந்து
குக்கரும் குழந்தையும் உள்ளே.
பழையவன் நடுராத்திரி வந்து பூட்டைத் திறக்கிறான்,
கதவும் அவனை நம்புகிறது.
திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை
இன்னமும் தன்னுடையது என்றே எண்ணிக்கொண்டு
அதில் கை வைக்கிறது டிரைவர்.
அங்கே தெரிந்தே ஒருவன் குடியேறினால்,
கிளி வரைய வந்தவன்
கர்னலின் நடுவீட்டில் கால்நீட்டிப் படுக்கலாம்.

அவருக்கே இருபத்தாறு லைன் வீடு உண்டு.
'பூட்ட மாத்துங்க கண்ணு, இன்னைக்கே'
என்று போனை வைத்துவிட்டார்.

பூட்டு என்பது
கர்னலுக்குள் நாலு வரித் திருத்தம்.
யாரோ எங்கோ உட்கார்ந்து
கணக்கை ஒருமுறை கூடுதலாகச் சரிபார்க்க வைத்திருக்கிறார்கள்.
அதற்காக முழுக் கர்னலும் இறங்க வேண்டும்,
ஒவ்வொரு மெஷினும் ஒருமுறை
அணைந்து எழ வேண்டும்.

பத்து மெஷின் எழுந்தன.
பதினொன்றில்
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, 'பேனிக்'.
நான் நினைத்ததை
அதுவே எழுதிவிட்டது.

அச்சு மெஷின் தொங்குவது அதில்தான்.
பச்சை மசியைக் கலக்கி வைத்துவிட்டு
நிரஞ்சன் வாசலில் நிற்கிறான்.
ஒடிசாவிலிருந்து வந்து எட்டு மாதம்,
அவன் தமிழுக்கு இரண்டே சொல் போதும்:
'அக்கா, கிளி?'

மெனுவில் ஒரு வரி கீழே
பழைய கர்னல் கிடக்கிறது.
கூப்பிட்டால் வரும், சாவிக்காரனோடு சேர்ந்து.
மணி பதினொன்றரை.
கூப்பிட்டேன்.
நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிச் சுருட்டி
என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.
'அச்சடி. இந்த நாற்காலிக்கு
உன்னைத் தவிர ஒரு ஈ வரக்கூடாது.'

நாலு மணிவரை கிளிகள் இறங்கின,
ஒன்றன்மேல் ஒன்றாக, சூடு ஆறாமல்.
மற்ற இருபத்தேழையும் முடித்துவிட்டு வந்து
பதினொன்றைத் திறந்து பார்த்தால்
பூட் பகுதியில் விரல் வைக்க இடமில்லை.
மூன்று வருஷத்துக் கர்னல்கள்,
ஒன்றைக்கூட யாரும் தூக்கிப் போடவில்லை,
புதியது பாதி எழுதி நின்றுபோயிருக்கிறது.
யாரும் என்றால்,
இந்தக் கம்பெனியில் அது நான்தான்.

ஏழைத் துடைத்தேன். ஒன்றை விட்டுவைத்தேன்.
மறுபடி ஏற்றினேன்.
திரை கொஞ்ச நேரம் யோசித்தது.
பிறகு பச்சை,
கிளியின் கழுத்துப் பக்கம் முதலில்.
பையிலிருந்து கேபிளை எடுத்துச் செருகினேன்.

திங்கட்கிழமை கண்டெய்னர் போனது.
'ஒண்ணும் வித்தியாசம் தெரியலீங்களே' என்றார் சென்னியப்பன்.
'தெரியாதுங்க' என்றேன்.
வேறென்ன சொல்ல.
திருட்டுப்போகாத வீட்டைக் காட்டி
யாரிடம் கூலி கேட்பது?

புதன்கிழமை அடுத்த அறிவிப்பு வந்தது.
அதே டிரைவர், வேறொரு வரி.
மணி பார்த்தேன், பூட் பகுதியில் இடம் பார்த்தேன்.
நிரஞ்சன் மசி வாளியோடு கடந்து போனான்,
நின்று திரும்பினான்.
சாம்பல் நிறம்.
'அக்கா,' என்றான், 'இந்த வாரம் யானை.'